கல்லுக்குள் ஈரம்: தீ தாங்கும் துப்பாக்கிப் பெட்டகத்தின் அறிவியல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வயது வந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருப்பதாகக் கருத்துக்கணிப்புகள் தெரிவிப்பதால், தமிழ்நாட்டு வீடுகளில் பீரோ நிற்பதைப்போல அந்நாட்டு வீடுகள் பலவற்றில் ஆளுயரத் துப்பாக்கிப் பெட்டகம் ஒன்று நிற்பது வியப்புக்குரியதன்று. குழந்தைகளின் கைக்கும் திருடரின் கைக்கும் எட்டாதவாறு ஆயுதத்தைப் பூட்டி வைப்பதே அதன் முதல் நோக்கம்; எனினும் காலப்போக்கில் வீட்டுப் பத்திரம், கடவுச்சீட்டு, காப்பீட்டு ஆவணம், நகை, பழைய நிழற்படங்கள் எனக் குடும்பத்தின் அருமையான பொருள்கள் யாவும் அதற்குள்ளேயே குடிபுகுந்துவிடுவதால், அது தீயையும் தாங்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இயல்பாகவே எழுகிறது. இந்த எதிர்பார்ப்பை அறிந்த உற்பத்தியாளர்கள் "1200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 60 நிமிடம்" என்பதுபோன்ற அட்டையைக் கதவின்மேல் ஒட்டி விற்கிறார்கள். அந்த அட்டை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பிரித்தறிவதே நல்ல பெட்டகத்தைத் தேர்ந்தெடுக்கும் திறனின் பெரும்பகுதியாகும். அதற்குத் தேவையான அறிவியல் பள்ளி வேதியியலிலும் இயற்பியலிலும் அடங்கிவிடுகிறது.

இரும்பு ஏன் காப்பதில்லை

கனத்த இரும்புப் பெட்டியைக் காண்போருக்கு அது எதையும் தாங்கும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் தீயைப் பொறுத்தவரை இந்தத் தோற்றம் ஏமாற்றக்கூடியது. எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதும், வீட்டுத் தீ அந்த அளவை எட்டுவதில்லை என்பதும் உண்மைதான். எனினும் பெட்டி உருகாமல் நிற்பதும் அதற்குள் இருப்பவை கருகாமல் இருப்பதும் வெவ்வேறு செய்திகள். எஃகின் வெப்பக் கடத்துத்திறன், அதாவது ஒரு பக்கத்து வெப்பத்தை மறுபக்கத்துக்குக் கொண்டுசெல்லும் ஆற்றல், ஜிப்சம் பலகையினுடையதைப்போல இருநூறு மடங்குக்கும் கூடுதலாதலால், வெறும் எஃகுப் பெட்டி தீயின் நடுவே ஓர் அடுப்பாகவே மாறிவிடுகிறது.

இந்த உண்மையை நியூயார்க் நகரத்து வணிகர்கள் பெருவிலை கொடுத்துக் கற்றார்கள். 1835-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் இரவு, ஆற்று நீரே உறைந்திருந்த கடுங்குளிரில் அந்நகரின் வணிகப் பகுதியில் பற்றிய தீ நூற்றுக்கணக்கான கட்டடங்களை அழித்தது; இரும்புப் பெட்டிகளுக்குள் பூட்டப்பட்டிருந்த கணக்கேடுகளும் அத்தீக்குத் தப்பவில்லை. இரும்புச் சுவர்கள் இரண்டுக்கு இடையே பாரிஸ் சாந்தை நிரப்பினால் உள்ளிருப்பவை கருகா என்று அதே காலகட்டத்தில் டேனியல் ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர் கண்டறிந்து, 1843-இல் காப்புரிமையும் பெற்றார். நெருப்பில் வாழ்வதாக ஐரோப்பியர் நம்பிவந்த சாலமாண்டர் என்னும் உயிரினத்தின் பெயரே இவ்வகைப் பெட்டகங்களுக்கு வழங்கலாயிற்று.

இந்தக் காப்புரிமை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது என்பது இவ்வரலாற்றின் சுவையான கிளைக்கதை. அச்சுத் தட்டு வார்க்கும் தொழில் செய்த ஜேம்ஸ் கானர் என்பவர் 1829-க்கும் 1832-க்கும் இடையிலேயே தம் சொந்தப் பயனுக்காக இத்தகைய பெட்டகம் ஒன்றைச் செய்து, சில ஆண்டுகள் தம் அலுவலறையில் வைத்திருந்ததாகவும், ஆகவே ஃபிட்ஸ்ஜெரால்டின் கண்டுபிடிப்பு புதியதன்று என்றும் எதிர்த்தரப்பு வாதிட்டது. கானரின் பெட்டகம் உலகுக்கு அறிவிக்கப்படாமல் மறக்கப்பட்டுவிட்டதெனில், அதே உண்மையைத் தாமாகவே கண்டறிந்து உலகுக்குத் தந்தவரே காப்புரிமைக்கு உரியவர் என்று 1850-இல் வெளியான கெய்லர் எதிர் வைல்டர் வழக்கின் தீர்ப்பு உரைத்தது. இன்றைய துப்பாக்கிப் பெட்டகத்தின் சுவரைப் பிளந்து பார்த்தாலும் பெரும்பாலும் அதே வெண்ணிறப் பொருளே காணக்கிடைக்கிறது.

கல்லில் கட்டுண்ட நீர்

நிலக்கடலைச் செடிக்கு மண் அணைக்கும்போது தமிழ்நாட்டு உழவர்கள் இடும் ஜிப்சமும், வீட்டுக் கூரையின் அடியில் பொய்க்கூரையாகப் பதிக்கப்படும் பலகையின் உட்பொருளும், பெட்டகத்தின் காப்புப் படலமும் வேதியியலில் ஒன்றே. கால்சியம் சல்ஃபேட் மூலக்கூறு ஒவ்வொன்றும் நீர் மூலக்கூறுகள் இரண்டைத் தன் படிகத்துக்குள் பிணைத்து வைத்திருக்கும் கனிமமே ஜிப்சம். தொட்டால் உலர்ந்த கல்லாகத் தோன்றினாலும் அதன் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு நீர்தான். அதனைச் சூடாக்கி நீரின் முக்கால் பங்கை வெளியேற்றினால் கிடைப்பது பாரிஸ் சாந்து. அதில் மீண்டும் நீர் ஊற்றினால் இறுகி ஜிப்சமாகிறது. கல்லுக்குள் ஈரம் என்று உருவகமாக வழங்கும் சொற்றொடர் இக்கனிமத்துக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

நீர் நிரப்பிய காகிதக் கிண்ணத்தை மெழுகுவத்திச் சுடரின்மேல் பிடித்தால், நீர் கொதிக்கத் தொடங்கிய பின்னும் காகிதம் எரியாதிருப்பதைப் பள்ளி ஆய்வகத்தில் பலரும் கண்டிருப்பர். வந்துசேரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதில் செலவாவதால், நீர் இருக்கும்வரை கிண்ணத்தின் வெப்பநிலை 100 டிகிரியைப் பெரிதும் தாண்டுவதில்லை. ஒரு கிலோ நீர் வெப்பநிலை உயராமலே ஆவியாவதற்குத் தேவைப்படும் இந்த ஆற்றலை உள்ளுறை வெப்பம் என்பர்; அதன் அளவு ஏறத்தாழ 2,260 கிலோ ஜூல். பெட்டகத்தின் சுவருக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. வெளிச்சுவர் செந்தணலாகக் காய்ந்தாலும், ஜிப்சம் 100 டிகிரியைக் கடந்து தன் நீரைப் படிப்படியாக இழக்கும் நேரம் முழுவதும் உட்சுவர் அந்த எல்லையை ஒட்டியே நின்றுவிடுகிறது. நீர் தீர்ந்ததும் இந்தத் தடை நீங்கி, உள்வெப்பநிலை விரைந்து ஏறத் தொடங்குகிறது.

இதனை ஓர் எளிய கணக்கால் அளந்து பார்க்கலாம். 150 சென்டிமீட்டர் உயரமும் 75 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட பெட்டகத்தின் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 5 சதுர மீட்டர். தீ தாங்குவதற்கென்றே செய்யப்படும் 16 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிலோ எடையுள்ளதாதலால், இரண்டு அடுக்குப் பலகை பதித்தால் 110 கிலோ ஆகும். பலகையிலுள்ள தாள், இழை முதலியவற்றைக் கழித்துப் பார்த்தாலும் அதனுள் அடங்கிய நீர் 20 கிலோவை ஒட்டியிருக்கும். அதாவது, வீடுகளில் குடிநீருக்கு வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று அந்தச் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கரந்து நிற்கிறது. அந்நீர் முழுவதையும் ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் சுமார் 45 மெகா ஜூல். ஒரு கிலோ சமையல் எரிவாயு முற்றாக எரிந்து தரும் வெப்பத்துக்கு இது ஏறக்குறைய ஈடானது. ஒரே அடுக்குப் பலகையெனில் இதில் பாதியே கிடைக்கும்.

ஒரு வீடு முழுவதும் எரியும்போது வெளிப்படும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ எரிவாயு மிகச் சொற்பம் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. எரியும் வீட்டின் வெப்பத்தில் ஒரு சிறு பகுதியே பெட்டகத்துக்குள் பாய்கிறது என்றாலும், அதைத் தாங்கும் இருப்பு அளவுக்கு உட்பட்டது. ஆகவே தீயால் அழியாத பெட்டகம் என்று உலகில் எதுவும் இல்லை, குறிப்பிட்ட நேரம் வரை தாங்கும் பெட்டகம் என்பதே உண்டு.

நீரைப் போலவே அதனைத் தாங்கி நிற்கும் கட்டும் முக்கியமானது. நீரை இழந்த ஜிப்சம் சுருங்கி வெடித்து உதிரக்கூடியதாதலால், நல்ல பலகைகளில் கண்ணாடி இழைகளைக் கலந்து அதனைப் பிணைத்து வைக்கிறார்கள். சில பெட்டகங்களில் பலகைக்கு மாற்றாகக் கான்கிரீட் வகைக் கலவையை இரு தகடுகளுக்கு இடையே வார்ப்பதால் இணைப்பு இடுக்குகளே இல்லாமல் போகின்றன. ஆனால் எடை பெருமளவு கூடுகிறது. வேறு சிலவற்றில் பீங்கான் இழைப் போர்வை பயன்படுகிறது. அது மிகுந்த வெப்பத்தைத் தாங்குமெனினும் நீர் இல்லாமையால் வெப்பத்தின் வேகத்தைக் குறைக்குமே அன்றி அதனை விழுங்காது.

அட்டையில் உள்ள எண்களும் இல்லாத எண்ணும்

தீ தாங்கும் திறனை மதிப்பிட மூன்று எண்கள் வேண்டும்: வெளியே எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம், உள்ளே எந்த அளவுக்கு மேல் ஏறக்கூடாது. மேலே சுட்டிய "1200 டிகிரியில் 60 நிமிடம்" என்னும் அட்டை முதல் இரண்டையும் சொல்லி மூன்றாவதை விட்டுவிடுகிறது. அந்த 1200 டிகிரியும் ஃபாரன்ஹீட் அளவாதலால், செல்சியஸில் அது 649 மட்டுமே.

கட்டடப் பொருள்களைச் சோதிப்பதற்காக அமெரிக்காவில் வழங்கும் ஏ.எஸ்.டி.எம். இ 119 என்னும் தரநிலை, தீ வளர்வதை ஒரு வளைகோடாக வரையறுத்திருக்கிறது. அதன்படி சோதனை உலையின் வெப்பம் 5 நிமிடத்தில் 538 டிகிரி செல்சியஸையும், 10 நிமிடத்தில் 704-ஐயும், 30 நிமிடத்தில் 843-ஐயும், ஒரு மணி நேரத்தில் 927-ஐயும் எட்ட வேண்டும். 649 டிகிரி என்பது இந்த வளைகோடு முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே கடந்துசெல்லும் அளவு என்பதை அறிந்தவர், இரு நிறுவனங்கள் தரும் "60 நிமிடம்" என்ற ஒரே எண் இருவேறு பொருளுடையதாக இருக்கக்கூடும் என்பதையும் உணர்வர்.

அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்னும் அமெரிக்கச் சோதனை நிறுவனம், சுருக்கமாக யூ.எல்., பெட்டகங்களுக்கென வகுத்த 72-ஆம் தரநிலை மூன்றாவது எண்ணையே வகைப்பெயராகக் கொண்டிருக்கிறது. 350-ஆம் வகுப்பு எனில் உள்வெப்பம் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 177 செல்சியஸைத் தாண்டலாகாது, இது காகிதத்துக்கானது. காந்த நாடாக்களுக்கும் படச்சுருள்களுக்கும் உரிய 150-ஆம் வகுப்பில் எல்லை 66 டிகிரி செல்சியஸ். 125-ஆம் வகுப்பில் அது 52 டிகிரி. இவ்விரு வகுப்புகளிலும் உள்ளே சேரும் ஈரப்பதத்துக்கும் வரம்பு உண்டு. உலையை அணைத்த பிறகும் பெட்டகத்தை அதற்குள்ளேயே ஆறவிட்டு உள்வெப்பத்தைத் தொடர்ந்து அளப்பது இச்சோதனையின் சிறப்பு; ஏனெனில் சுவரில் தேங்கிய வெப்பம் தீ அணைந்த பின்னும் உள்நோக்கிப் பாய்ந்துகொண்டே இருக்கும். முன்னரே சூடேற்றிய உலையில் திடீரென வைத்து வெடிக்கிறதா என்று பார்ப்பதும், சூடேறிய பெட்டகத்தை 30 அடி உயரத்திலிருந்து விழச்செய்து மீண்டும் சூடாக்குவதும் இத்தரநிலையில் இடம்பெறுகின்றன.

ஆயினும் வீட்டுத் துப்பாக்கிப் பெட்டகங்களில் பெரும்பாலானவை இத்தரச்சான்றைப் பெற்றவையல்ல. அவற்றின் எண்கள் உற்பத்தியாளரின் சொந்தச் சோதனையிலோ அவர் வரையறுத்த முறையில் வெளிச் சோதனைக்கூடம் நடத்திய சோதனையிலோ கிடைத்தவை. ஆகவே சோதித்தவர் யார், உலை எந்த வளைகோட்டில் சூடேறியது, வெப்பமானி உள்ளே எந்த இடத்தில் இருந்தது, ஆறும் நேரமும் அளக்கப்பட்டதா என்று வாங்குபவர் கேட்டாக வேண்டும். சூடான காற்று மேலே திரள்வதால், கீழ்த்தட்டில் வைத்த வெப்பமானியும் மேல்தட்டில் வைத்ததும் ஒரே விடையைத் தருவதில்லை.

உள்ளிருப்பவற்றின் எல்லைகள்

177 டிகிரி என்னும் எல்லை காகிதத்துக்குப் போதுமானதாயினும், பெட்டகத்துள் இருக்கும் எல்லாப் பொருளுக்கும் போதுமானதன்று. துப்பாக்கியின் குழல் எஃகு இந்த வெப்பத்தைப் பொருட்படுத்தாது. ஆனால் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் சிலவற்றில் குழல்களை இணைக்கும் வெள்ளீய-ஈயப் பற்றாசு 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். மரக்கட்டையின் மெருகு கெடும். நெகிழி உறுப்புகள் இளகி வளையக்கூடும். நிழற்படச் சுருளும் கணினித் தகவல் வட்டுகளும் இதற்கு வெகு முன்பே பாழாகிவிடுமாதலால், அவற்றை அவற்றுக்கென அமைந்த சிறு பெட்டிக்குள் இட்டு அதனைப் பெட்டகத்துக்குள் வைப்பதே முறை.

தோட்டாவின் நிலை தனியே கருதத்தக்கது. இக்காலப் புகையில்லா வெடிமருந்தின் முதன்மைப் பொருளான நைட்ரோசெல்லுலோஸ் 160 முதல் 170 டிகிரி அளவிலேயே தானாகத் தீப்பற்றக்கூடியது. எனவே காகிதத்தைக் காக்கும் பெட்டகம், தன் சோதனையில் வெற்றிபெற்ற நிலையிலும், தோட்டாக்களை வெடிக்கவிடலாம். குழலுக்குள் அடைபடாத தோட்டா வெடிக்கும்போது வாயு உறையைக் கிழித்து எல்லாத் திசையிலும் சிதறிவிடுவதால் கனமான குண்டு மிகுந்த வேகம் பெறுவதில்லை. ஆனால் குண்டேற்றப்பட்ட துப்பாக்கி தீயில் சூடானால் விசையை இழுத்ததுபோலவே சுட்டுவிடும். ஆகவே துப்பாக்கியை வெறுமையாக வைப்பதும் தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டி வைப்பதும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு மட்டுமன்றி, தீயணைப்பு வீரரின் பாதுகாப்புக்கும் உரிய விதியாகும். தளர்வான வெடிமருந்தை இறுக மூடிய எஃகுப் பெட்டகத்தில் வைப்பது இன்னும் ஆபத்தானது. அழுத்தம் வெளியேற வழியின்றி அப்பெட்டகமே வெடிகுண்டாகிவிடும் என்பதால், எளிதில் பிளந்து வழிவிடும் மரப்பெட்டியையே அதற்குப் பரிந்துரைக்கிறார்கள்.

கதவிடுக்கும் தகட்டின் தடிப்பும்

சுவர் எவ்வளவு தடித்ததாயினும், கதவைச் சுற்றியுள்ள மெல்லிய இடுக்கு வழியே சூடான புகை நுழைந்துவிட்டால் பயனில்லை. அதற்காகக் கதவின் விளிம்பில் உப்பும் பட்டை ஒன்றைப் பதிக்கிறார்கள். சூடேறியதும் பலமடங்கு பருத்து இடுக்கை அடைத்துவிடும் இயல்புடைய பொருளால் ஆனது அது. இப்பட்டை கதவின் நான்கு பக்கமும் இடைவெளியின்றிச் செல்கிறதா என்பதைக் கையால் தடவியே அறியலாம். தரையில் பிணைக்கும் திருகாணித் துளை, மின்கம்பி செல்லும் துளை ஆகியவையும் தீ நுழையும் வாயில்களே என்பதால் அவற்றையும் தீ தாங்கும் பசையால் அடைக்க வேண்டும்.

திருட்டைத் தடுப்பது ஜிப்சம் அன்று, எஃகு. தகட்டின் தடிப்பைக் குறிக்கும் கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்: 14 கேஜ் ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.7, 10 கேஜ் 3.4, 7 கேஜ் 4.6 மில்லிமீட்டர். கலிபோர்னியா மாநில விதிகள் துப்பாக்கிப் பெட்டகத்தின் சுவருக்கு 12 கேஜையும் ஒற்றைத் தகட்டுக் கதவுக்கு 7 கேஜையும் குறைந்த அளவாக வைத்திருக்கின்றன. யூ.எல். நிறுவனம் வீட்டுப் பெட்டகங்களுக்கு வழங்கும் அடிப்படைச் சான்றுக்கு, திருப்புளி, சுத்தியல், நெம்புகோல் போன்ற எளிய கருவிகளோடு ஒருவர் ஐந்து நிமிடம் முயன்றும் திறக்க முடியாதிருந்தால் போதும். தீச்சான்றும் திருட்டுச்சான்றும் வெவ்வேறு. ஒன்று இருப்பது மற்றொன்றுக்கு உறுதியளிப்பதில்லை. எடையை மட்டும் பார்த்தாலும் ஏமாற நேரிடும்; ஏனெனில் முன்னர்க் கணக்கிட்ட அளவுடைய பெட்டகத்தில் 10 கேஜ் எஃகின் எடை சுமார் 130 கிலோ, ஈரடுக்கு ஜிப்சத்தின் எடை 110 கிலோ; இரண்டில் எது குறைந்தது என்பதை மொத்த எடை காட்டாது.

வைக்கும் இடமும் தீக்குப் பின்னும்

பெட்டகத்தின் எண்ணைப் போலவே அது நிற்கும் இடமும் அதன் விதியைத் தீர்மானிக்கிறது. செயற்கை நுரையும் நெகிழியும் நிறைந்த இக்கால அறைகலன்களோடு கூடிய அறை, தீப்பற்றி ஐந்து நிமிடத்துக்குள்ளேயே முழுவதும் ஒருங்கே எரியும் நிலையை எட்டுவதையும், பழைய மரம், பருத்தி அறைகலன்களோடு கூடிய அறை அந்நிலையை எட்ட அரைமணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்வதையும் யூ.எல். நடத்திய ஒப்பீட்டுச் சோதனைகள் காட்டின. மேல்மாடி மரத்தளத்தில் நிற்கும் பெட்டகம் தளம் எரிந்ததும் கீழே விழும். தரைத்தளத்துக் கான்கிரீட்டின்மேல், வெளிச்சுவர் மூலையில், எரிபொருள் குறைந்த இடத்தில் நிற்பதோ குறைந்த வெப்பத்தையே எதிர்கொள்ளும். காட்டுத்தீ பரவும் பகுதிகளுக்கு இந்தக் கணக்கும் பொருந்துவதில்லை. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்த தீயில் 85 பேர் இறந்து, 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அத்தகைய பேரழிவில் ஒவ்வொரு வீட்டையும் அணைக்க ஆளில்லாமையால், பெட்டகம் தணல் குவியலில் பல மணி நேரம் கிடக்கிறது. அறுபது நிமிடச் சான்று அங்கே காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது; ஆவணங்களின் படிகளை வேறோர் ஊரில் வைப்பதே அவ்விடத்துக்கு ஏற்ற காப்பு.

தீயைத் தாங்கிய பெட்டகத்தை உடனே திறப்பதும் தவறு. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த பெருந்தீக்குப் பின், சூடு ஆறாத வங்கிக் காப்பறைகளைத் திறந்தால் புதுக்காற்று பட்டு உள்ளிருக்கும் தாள்கள் எரிந்துவிடும் என்பதால் வங்கிகள் பல நாள் காத்திருந்தன. தம் பணத்தை ஆரஞ்சுப் பழப்பெட்டிகளுக்கு அடியில் மறைத்து வண்டியில் முன்னரே வெளியேற்றிவிட்ட வங்கியாளர் ஏ. பி. ஜியானினியால் அந்நேரத்திலும் கடன் வழங்க முடிந்தது. வீட்டுப் பெட்டகத்துக்கும் இதே பொறுமை தேவை. எனினும் ஆறியதும் தாமதிக்கலாகாது. காகிதத்தைக் காத்த அதே நீராவி உள்ளே குளிர்ந்து துப்பாக்கியின்மேல் பனிபோலப் படிந்து துருவை விதைப்பதால், ஆயுதங்களை வெளியே எடுத்துத் துடைத்து உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். தீயே இல்லாத நாளிலும் மூடிய பெட்டகத்துள் ஈரம் தேங்குமாதலால், சிலிக்கா ஜெல் பொட்டலமோ சிறு மின்சூடேற்றியோ வைத்து ஒப்பு ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டி வைத்திருப்பது நல்லது.

ஆகவே பெட்டகம் வாங்கச் செல்பவர் கதவின் பளபளப்பையும் பூட்டின் அழகையும் பார்ப்பதற்கு முன், சுவருக்குள் எந்தப் பொருள் எத்தனை அடுக்கு, எந்த வளைகோட்டில் யார் சோதித்தது, உள்வெப்பத்தின் எல்லை என்ன, தகடு எத்தனை கேஜ் என்னும் நான்கு கேள்விகளைக் கேட்பது போதுமானது. இந்நான்குக்கும் எழுத்தில் விடை தராத பெட்டகத்தை, அதன் விலை எவ்வளவு குறைந்ததாயினும், வாங்காமல் விடுவதே அறிவுடைமை.